பணக்கார மரத்துக்கு அடுப்பில் என்ன வேலை?

அமெரிக்காவின் மிசூரி, ஒஹாயோ, இண்டியானா பக்கம் ஒருவர், ‘குளிர்காலத்துக்குக் கருப்பு வால்நட் விறகு அடுக்கி வைத்திருக்கிறேன்’ என்று சொல்லும்போது மரவேலை செய்பவர் யாராவது அருகில் இருந்தால் அவருக்கு மனசு பதறிவிடும். தேக்கை வெட்டி வெந்நீர் அடுப்புக்குப் போட்டேன் என்று ஓர் ஆசாரியிடம் சொல்வதைப் போன்றது அது. சாக்லேட் நிறத்தில், இழைப்புளிக்கு இணக்கமாக வளைந்து கொடுக்கும் இந்த மரத்தில்தான் அங்கே விலை உயர்ந்த மேசைகளும் அலமாரிகளும் செய்கிறார்கள். துப்பாக்கியின் மரப்பிடிக்கு இதைவிடத் தோதான கட்டை கிடையாது என்று பெயர். விறகு எரித்தே வீட்டைச் சூடேற்றுகிறவர்களிடம் போய்க் கேட்டாலோ, உதட்டைப் பிதுக்குவார்கள். ‘ஓக் கிடைக்கும்போது வால்நட்டை யார் தொடுவார்கள்?’ ஆக, ஒரு தரப்புக்கு இது எரிக்கக்கூடாத அளவுக்கு உசத்தி. இன்னொரு தரப்புக்கு எரிக்க லாயக்கில்லாத அளவுக்கு மட்டம். இரு தரப்பும் மரத்தின் பெயரைப் பிடித்துக்கொண்டு பேசுகின்றன, கையில் இருக்கும் கட்டையைப் பார்ப்பதில்லை என்பது என் கட்சி. ஒரு வால்நட் மரத்தின் கணிசமான பகுதி விறகுக்குத்தான் ஆகும். விழுந்த இடத்துக்குப் பக்கத்திலேயே, நன்றாகக் காய்ந்த பிறகு, அதை எரிப்பதில் நஷ்டமும் இல்லை, தப்பும் இல்லை.

முதலில் மரம் எது என்று பார்த்துவிடலாம். நாம் பாக்கெட்டில் வாங்கும் அக்ரூட், காஷ்மீரில் விளையும் வகை. கருப்பு வால்நட் அதன் பங்காளி. வட அமெரிக்காவின் கிழக்குப் பாதிதான் அதற்குச் சொந்த ஊர். முப்பது மீட்டர்வரை உயரும். பட்டை கறுத்து, ஆழமாக வெடித்திருக்கும். வேப்பிலையைப் போல நடு ஈர்க்கின் இரு பக்கமும் சிற்றிலைகள் வரிசையாக நிற்கும். இலையுதிர்காலத்தில் டென்னிஸ் பந்து அளவில் பச்சைக் காய்கள் கூரைமேலும் கார்மேலும் தொப் தொப்பென்று விழும். அந்தப் பச்சைத் தோலை வெறும் கையால் உரித்தவருக்கு விரல் கறுத்துப்போய் நாள்கணக்கில் சாயம் போகாது. அதற்குப் பயந்தே காய்களைத் தரையில் பரப்பி, மேலே கார் டயரை ஏற்றித் தோலைக் கழற்றுகிறவர்கள் உண்டு. மிசூரியில் ஸ்டாக்டன் என்ற சிற்றூரில் ஹாமன்ஸ் என்ற நிறுவனம் 1946 முதல் இந்தக் காய்களை வாங்கி, ஓடு உடைத்து, பருப்பு விற்கிறது. பெரும்பாலும் தோப்புக் காய் அல்ல, தானாக முளைத்த மரங்களிலிருந்து மக்கள் பொறுக்கிக்கொண்டு வரும் காய். அணில் புதைத்துவிட்டு மறந்துபோன கொட்டை முளைத்து வேலியோரம், ஓடைக்கரை, வீட்டுக் கொல்லை என்று எங்கும் இந்த மரம் நிற்கிறது. புயலில் விழுவதும், காய் தொல்லை தாங்காமல் வீட்டுக்காரர் வெட்டச் சொல்வதும் இப்படிப்பட்ட மரங்கள்தான். விறகு சேகரிப்பவரின் கைக்கு வருவதும் இவைதான். காட்டின் நடுவே நிற்கும் ராஜமரத்தை யாரும் அடுப்புக்கு வெட்டுவதில்லை.

‘விலைமதிப்புள்ள மரத்தை வீணாக்கலாமா?’ என்ற முதல் ஆட்சேபத்துக்குப் பதில் இங்கேதான் தொடங்குகிறது. மரம் வாங்குகிறவர் விலை பேசுவது முழு மரத்துக்கு அல்ல, அடிமரத்துக்கு. குறைந்தது எட்டடி நீளமாவது கோணலில்லாமல், கணுவில்லாமல், நல்ல பருமனோடு இருக்க வேண்டும். அப்படி ஒரு கட்டை அமைந்துவிட்டால் அதை அரை மில்லிமீட்டர் கனத்துக்கு வெனீராகச் சீவி எடுப்பார்கள். மிக நல்ல மரம் ஒன்றுக்கு ஆயிரக்கணக்கான டாலர் கிடைக்கும். ராத்திரியோடு ராத்திரியாக வால்நட் மரத்தை அறுத்துக் கடத்தும் திருடர்கள் இருப்பதற்கும் அதுதான் காரணம். ஆனால் அந்த மாதிரி அடிமரம் நெருக்கமான காட்டில்தான் உருவாகும். அக்கம்பக்கத்து மரங்களோடு வெளிச்சத்துக்குப் போட்டி போட்டு நெடுநெடுவென்று வளரும்போது கீழ்க்கிளைகள் தாமாகவே காய்ந்து உதிர்ந்து, தண்டு வழவழப்பாக நிற்கும். கொல்லையில் தனியாக நிற்கும் மரத்துக்கு அந்த அவசரம் இல்லை. ஆளுயரத்திலேயே கிளை பிரித்துக் குடை விரித்துவிடுகிறது, உள்ளெல்லாம் கணு. போதாததற்கு, மூன்று தலைமுறையாக யாரோ அதில் துணிக்கொடி கட்ட ஆணி அடித்திருப்பார்கள், பிள்ளைகளுக்கு ஊஞ்சல் கொக்கி திருகியிருப்பார்கள், வேலிக்கம்பியைப் பிணைத்திருப்பார்கள். மரம் வளர்ந்து அந்த இரும்பை விழுங்கிவிடும். வால்நட்டில் உள்ள துவர்ப்புச் சத்தோடு இரும்பு சேர்ந்தால் மை கொட்டியதுபோலக் கருநீலக் கறை பரவும். அறுவை மில்லில் அந்த ஆணி வாளில் பட்டால் பல் தெறித்துவிடும். அதனால்தான் வீட்டு மரம் என்றாலே பல மில்காரர்கள் வாசலிலேயே வேண்டாம் என்று சொல்லிவிடுகிறார்கள். ஒற்றை மரத்துக்காக கிரேனும் லாரியும் வந்துபோகும் செலவையும் சேர்த்தால் கணக்கு உதைக்கும். ‘தங்கம் போல மரம்’ என்று நம்பியிருந்த வீட்டுக்காரர் கடைசியில் அதை அப்புறப்படுத்தக் கைக்காசு கொடுக்கிறார். அடிமரத்தின் கதையே இப்படி என்றால் கிளைகளைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். சாய்வாக வளரும் கிளைக்குள் மரநார் ஒரு பக்கம் இழுத்தபடி இருக்கும். பலகையாக அறுத்தால் காயும்போது முறுக்கிக்கொள்ளும். நடுவே கறுத்த வைரம் சிறிதும் சுற்றிலும் வெளிறிய மரம் அதிகமுமாக இருப்பதால் மரவேலைக்காரர் தேடும் நிறமும் கிளையில் குறைவு.

இந்த மரத்தின் ‘மதிப்பு’ என்பதும் என்றும் மாறாத ஒன்றல்ல. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஒஹாயோ, இண்டியானா காடுகளைத் திருத்தி வயலாக்கிய குடியேறிகள் வால்நட்டைப் பிளந்து வேலிக் கழிகளாக அடுக்கினார்கள். நேராகப் பிளக்கும், மண்ணில் கிடந்தாலும் வைரம் சீக்கிரம் உளுக்காது என்ற இரண்டு குணங்களுக்காகவே அதை அந்த வேலைக்குத் தேர்ந்தெடுத்தார்கள். வேலிக்குப் போனது போக மீதியைக் குவித்துக் கொளுத்தினார்கள். அவர்களுக்கு வேண்டியிருந்தது நிலம். பிறகு உலகப் போர் வந்தது. 1918இல் அதிபர் உட்ரோ வில்சன், எங்கெங்கே கருப்பு வால்நட் மரம் நிற்கிறது என்று தேடிக் கண்டுபிடித்துச் சொல்லும்படி சாரணச் சிறுவர்களைக் கேட்டுக்கொண்டார். துப்பாக்கிக் கட்டைக்கும் விமான விசிறிக்கும் மரம் தட்டுப்பாடாகியிருந்தது. பாட்டன் காலத்தில் வேலியாகக் கிடந்த மரத்தைப் பேரப்பிள்ளைகள் ஊர் ஊராகத் தேடியிருக்கிறார்கள். அந்த வேலிக் கழிகளுக்காக இன்று நாம் வருந்தலாம், அதில் நியாயமும் உண்டு. ஆனால் குடியேறிகள் கொளுத்தியது காட்டின் அடிமரங்களை. இன்று விறகு சேகரிப்பவர் எடுப்பது மில் வேண்டாம் என்று ஒதுக்கியதை. இரண்டையும் ஒரே தராசில் வைப்பது சரியல்ல.

இனி எதிர்த் தரப்பு. ‘வால்நட்டில் சூடு பற்றாது’ என்கிறார்கள். இதில் ஓர் அளவைக் குழப்பம் ஒளிந்திருக்கிறது. நம் ஊர் விறகுக்கடையில் விறகை எடைபோட்டு விற்பார்கள். அமெரிக்காவில் கன அளவு. நான்கடி அகலம், நான்கடி உயரம், எட்டடி நீளம் அடுக்கினால் அது ஒரு ‘கார்ட்’. 128 கன அடி. இடைவெளி போக அதில் உண்மையில் மரம் எண்பது, தொண்ணூறு கன அடி இருக்கும். எடைக்கு எடை பார்த்தால் காய்ந்த மரங்கள் எல்லாம் ஏறத்தாழ ஒரே வெப்பத்தைத்தான் தருகின்றன. ஒரு கிலோ ஓக்கும் ஒரு கிலோ வால்நட்டும் அடுப்புக்கு அதிக வித்தியாசம் இல்லை. அடுக்கி அளக்கும்போதுதான் அடர்த்தி முன்னால் வந்து நிற்கிறது. நமக்குப் பழக்கமான மின்சார யூனிட்டில் சொன்னால், ஒரு கார்ட் காய்ந்த வால்நட்டில் அடங்கியிருக்கும் வெப்பம் சுமார் 6,000 யூனிட். வெள்ளை ஓக்கில் சுமார் 7,500, ஹிக்கரியில் 8,000 சொச்சம். கீழ்க்கோடியில் இருக்கும் காட்டன்வுட்டில் 4,600 அளவுதான். அதாவது வால்நட் பந்தியின் நடுவே உட்கார்ந்திருக்கிறது. ஓக்கின் ஐந்தில் நான்கு பங்கு. இது எவ்வளவு பெரிய சூடு என்பதற்கு இன்னொரு கணக்கு: நம் வீட்டு 14.2 கிலோ சமையல் எரிவாயு சிலிண்டரில் இருப்பது ஏறக்குறைய 180 யூனிட் வெப்பம். ஒரு கார்ட் வால்நட் என்பது முப்பதுக்கும் மேற்பட்ட சிலிண்டர்கள். நல்ல இரும்பு அடுப்பாக இருந்தால் இதில் பத்தில் ஏழு பங்கு வீட்டுக்குள் இறங்கும், மீதி புகைபோக்கி வழியே போகும். ஓக்கைவிட அதிகமாக, நான்குக்கு ஐந்து என்ற கணக்கில், கட்டை அடுக்க வேண்டியிருக்கும் என்பது மெய்தான். காசு கொடுத்து வாங்கும்போது அந்த வித்தியாசம் உறுத்தும். கொல்லையில் சும்மா கிடக்கும் மரத்துக்கு அதைக் குறையாகச் சொல்ல முடியாது.

மர வகையால் வரும் இந்த வித்தியாசத்தையெல்லாம் தூக்கிச் சாப்பிடும் விஷயம் ஈரம். பச்சை வால்நட்டின் வைரப் பகுதியில், காய்ந்த மரம் ஒரு கிலோ என்றால் அதோடு தண்ணீர் சுமார் 900 கிராம் இருக்கிறது. ஆஷ் மரத்தில் இதில் பாதிதான். வெட்டிய கையோடு அடுக்கிய ஒரு கார்ட் வால்நட்டுக்குள் ஏறக்குறைய ஒரு டன் தண்ணீர் ஒளிந்திருக்கிறது என்று கணக்குப் போட்டுப் பார்த்தால் தெரியும். அதை அடுப்பில் வைப்பவர் முதலில் செய்வது தண்ணீரைக் கொதிக்க வைக்கும் வேலை. அந்த ஆவி கொண்டுபோகும் வெப்பம்கூடப் பெரிதில்லை. தீ தணிந்துபோவதுதான் பெரிய கேடு. தணிந்த தீயில் மரத்திலிருந்து கிளம்பும் வாயுக்கள் முழுதாக எரியாமல் புகையாக மேலே போய், குளிர்ந்த புகைபோக்கியின் சுவரில் தார் போலப் படியும். கிரியோசோட் என்ற அந்தப் படிவு ஒருநாள் தீப்பிடித்தால் வீட்டையே கொண்டுபோய்விடும். ‘வால்நட் எரியவே மாட்டேன் என்கிறது, புகைதான் வருகிறது’ என்று அலுத்துக்கொள்பவர்களில் பலர், மரத்தின் குற்றத்தை அல்ல, தங்கள் அவசரத்தைத்தான் சொல்கிறார்கள். கட்டையைப் பிளந்து, தரையில் படாமல் உயர்த்தி, தலைக்கு மட்டும் மறைப்புப் போட்டுப் பக்கங்களைக் காற்றுக்குத் திறந்துவிட்டு, ஒரு கோடையும் அதற்கு மேலும் பொறுத்திருக்க வேண்டும். ஈரம் இருபது சதவீதத்துக்குக் கீழே இறங்கினால்தான் அது விறகு. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையும் இந்த வரம்பைத்தான் சொல்கிறது. ஈரம் காட்டும் கருவி மலிவாகவே கிடைக்கிறது. ஆனால் அதைக் கட்டையின் வெளிப்பக்கத்தில் வைத்துப் பார்ப்பது நம்மை நாமே ஏமாற்றிக்கொள்வது. கட்டையை அப்போதே பிளந்து உள்முகத்தில் குத்திப் பார்க்க வேண்டும். கருவி இல்லாதவருக்குக் காது இருக்கிறது: இரண்டு கட்டைகளை ஒன்றோடொன்று தட்டினால் காய்ந்தது ‘டங்’ என்று கணீரிடும், ஈரக்கட்டை ‘தொப்’ என்று அமுங்கும்.

பிளக்கும்போதுதான் இந்த மரத்தின் அருமை தெரிகிறது. நார் நேராக ஓடுவதால், கணு இல்லாத இடத்தில் கோடரி ஒரே அடியில் இறங்கிவிடும். புதிதாகப் பிளந்த முகத்தில் பச்சையும் ஊதாவும் கலந்த ஒரு மங்கல் நிறம். காற்றுப் பட்டதும் கொஞ்சம் கொஞ்சமாகப் பழுப்பேறிக் கறுக்கும். வருடக்கணக்கில் தரையில் கிடந்த கிளையைப் பார்த்து, இற்றுப்போயிற்று என்று தள்ளிவிடக்கூடாது. வெளிறிய மேற்பகுதி விரல் வைத்தாலே பொலபொலவென்று உதிரும். அதைச் செதுக்கித் தள்ளினால் உள்ளே வைரம் அப்படியே கல்லுப்போல இருக்கும். அன்று வேலிக் கழியைக் காப்பாற்றிய குணம் இன்று விறகைக் காப்பாற்றுகிறது. எரியும்போது பொறி அதிகம் தெறிக்காது. ஓக் போல விடியும்வரை கங்கு நிற்காது, சாம்பலும் சற்றுக் கூடுதல் என்று எரித்துப் பழகியவர்கள் சொல்கிறார்கள். அதனால் பகலிலும் மிதமான குளிரிலும் வால்நட், ராத்திரிக்கு ஓக் என்று பிரித்துக்கொள்வது அவர்கள் வழக்கம். எனக்கு இது குறையாகப் படவில்லை. குளிர் குறைவான நாளில் ஓக்கைத் திணித்துவிட்டு, சூடு தாங்காமல் அடுப்பின் காற்றுவழியை அடைத்து அதைப் புகையவிடுவதைவிட, அளவான சூடு தரும் கட்டையை நன்றாக எரியவிடுவது மேல்.

நஞ்சைப் பற்றி ஒரு பயம் உண்டு. வால்நட் மரத்தடியில் மற்றச் செடி வளராது என்பது ரோமாபுரி பிளினி காலத்திலிருந்து சொல்லப்பட்டு வரும் பேச்சு. ஜக்லோன் என்ற வேதிப்பொருளே காரணம் என்பது பிற்கால விளக்கம். தக்காளி வாடும் என்று தோட்டக்காரர்கள் எச்சரிப்பார்கள். குதிரை விஷயம் இன்னும் உறுதியானது: லாயத்தில் வால்நட் இழைப்புச் சீவல் பரப்பினால் ஓரிரு நாளில் குதிரைக்குக் குளம்பு வீங்கி நடக்க முடியாமல் போகும். இதில் வேடிக்கை என்னவென்றால், ஜக்லோனை மட்டும் தனியாகக் கொடுத்துப் பார்த்தபோது அந்த நோய் வரவில்லை. காரணம் மரத்திலுள்ள வேறு எதுவோ. எப்படியிருந்தாலும் இதெல்லாம் பச்சைத்தோல், வேர், சீவல், தூள் பற்றிய சேதி. கொழுந்துவிட்டு எரியும் தீயில் தாக்குப்பிடிக்கும் உலோகமல்ல ஜக்லோன். அதுவும் எரிந்துபோகும் கரிமப்பொருள்தான். அறுக்கும்போது தூளை மூச்சில் இழுக்காமல் பார்த்துக்கொள்வதும், அந்தத் தூளைக் குதிரைக்காரருக்கு இனாமாகக் கொடுக்காமல் இருப்பதும் போதும்.

பூச்சி விஷயத்தில் மட்டும் எதிர்ப்பவர்கள் பக்கம் முழு நியாயம் இருக்கிறது. கொலராடோவில் வால்நட் மரங்கள் கொத்துக்கொத்தாகப் பட்டுப்போனதை ஆராய்ந்தபோது, 2008 வாக்கில் காரணம் பிடிபட்டது. அரிசிமணியைவிடச் சிறிய ஒரு வண்டு கிளைப்பட்டைக்குள் துளைத்துப் போகிறது. அதன் உடம்போடு ஒரு பூஞ்சையும் போகிறது. துளை ஒவ்வொன்றையும் சுற்றிப் பட்டைக்கடியில் ஒரு புண். ஆயிரக்கணக்கில் புண்கள் சேர்ந்ததும் கிளைக்குச் சத்து ஏறுவது நின்றுவிடுகிறது. அதனால்தான் நோய்க்கே ‘ஆயிரம் புண் நோய்’ என்று பெயர். மேற்கே இருந்த இந்த வண்டு 2010இல் டென்னசி மாநிலம் நாக்ஸ்வில்லில் அகப்பட்டது; அது கருப்பு வால்நட்டின் பிறந்த மண்ணுக்குள் வரும் இடம். இரண்டுக்கும் நடுவில் இருக்கும் நூற்றுக்கணக்கான மைல் சமவெளியை எறும்பு அளவு வண்டு பறந்து கடந்திருக்கும் என்று யாரும் நம்பவில்லை. பட்டையோடு இருந்த மரக்கட்டையில் யாரோ ஏற்றி வந்திருக்க வேண்டும். பல மாநிலங்கள் வால்நட் விறகு உள்ளே வரத் தடை போட்டன. கிழக்கே இந்த நோய் முதலில் அஞ்சிய அளவுக்குச் சூறையாடவில்லை என்பது பிறகு தெரிந்தது. சில இடங்களில் தடையைத் தளர்த்தியும் இருக்கிறார்கள். அதை வைத்து அலட்சியமாக இருக்க முடியாது. டெட்ராய்ட் பக்கத்தில் 2002இல் அகப்பட்ட மரகதத் துளைப்பான் வண்டு, விறகோடு விறகாக ஊர் ஊராகப் பயணம் செய்து கோடிக்கணக்கான ஆஷ் மரங்களைச் சாய்த்த கதை அந்த நாட்டுக்கு இன்னும் மறக்கவில்லை. சங்கடம் என்னவென்றால், மில் வேண்டாம் என்று விடும் கிளைகள்தான் வண்டுக்கும் பிடித்த இடம். அடுப்புக்கு ஏற்ற பகுதியும் நோயைச் சுமக்கும் பகுதியும் ஒன்றே. இதற்கு விறகை எரிக்காமல் விடுவது தீர்வல்ல, ஏற்றிக்கொண்டு ஓடாமல் இருப்பதுதான் தீர்வு. பத்து மைலுக்குள் கிடைத்ததை அங்கேயே எரிப்பது உத்தமம், ஐம்பது மைலைத் தாண்டவே கூடாது என்பது அங்கே பிரசாரம் செய்பவர்கள் சொல்லும் கணக்கு. எரிந்துபோன கிளையிலிருந்து வண்டு கிளம்புவதில்லை.

புகையையும் பேசாமல் விட முடியாது. விறகுப்புகையின் நுண்துகள் நுரையீரலுக்குக் கெடுதல்; அது வால்நட்டா ஓக்கா என்று நுரையீரல் கேட்பதில்லை. பழைய இரும்பு அடுப்பு மணிக்குப் பதினைந்து முதல் முப்பது கிராம் துகள் வரை கக்கியது. 2020 முதல் புதிதாக விற்கும் அடுப்புகளுக்கு அமெரிக்க அரசு வைத்த வரம்பு, சோதனைக்கூடக் கட்டைகளை எரித்துப் பார்க்கும்போது, மணிக்கு இரண்டு கிராம். ஆனால் அந்த இரண்டு கிராம் காய்ந்த விறகுக்குத்தான். ஈரக்கட்டையைத் திணித்தால் புது அடுப்பும் பழைய அடுப்பாகிவிடும். வீடுகள் தோளோடு தோள் உரசும் நகரத்தில், காற்று அசையாத குளிர்கால ராத்திரியில், எந்த விறகுக்கும் வக்காலத்து வாங்க நான் தயாரில்லை. அமெரிக்காவில் விறகையே முதன்மையாக நம்பி வீட்டைச் சூடேற்றும் குடும்பங்கள் நூற்றுக்கு இரண்டு அளவில்தான் இருக்கின்றன, பெரும்பாலும் நாட்டுப்புறம். என் வாதம் அந்த வீடுகளைப் பற்றியது. அவர்கள் எப்படியும் ஏதோ ஒரு மரத்தை எரிக்கத்தான் போகிறார்கள். பக்கத்துக் கொல்லையில் கிடக்கும் வால்நட் கிளைகளை மட்க விட்டுவிட்டு, நிற்கும் ஓக்கை வெட்டி இன்னொரு மாவட்டத்திலிருந்து லாரியில் வரவழைப்பதில் யாருக்கு என்ன லாபம்? மரங்கொத்திக்கும் பூச்சிக்கும் பட்ட மரம் கொஞ்சம் வேண்டும் என்பது நியாயமான கோரிக்கை. காட்டோரத்தில் விழுந்ததை அதற்கு விட்டுவிடலாம்; வீட்டுக் கூரைமேல் விழுந்ததை விட முடியாது.

மரவேலைக்காரரின் பதற்றத்துக்கு ஓர் இடத்தில் மட்டும் நான் தலைவணங்குவேன். அது கவட்டை. தண்டு இரண்டாகப் பிரியும் இடத்தில் நார்கள் ஒன்றுக்குள் ஒன்று பின்னிக்கொண்டிருக்கும். கோடரி இறங்காது, ஆப்பு மாட்டிக்கொள்ளும். விறகு பிளப்பவர் திட்டிக்கொண்டே ஓரமாகத் தள்ளும் கட்டை அது. அதையே நடுவாக அறுத்துப் பலகை எடுத்தால், இறகை விரித்து வைத்ததுபோல ஒரு வரி நடுவில் ஓடும். அலமாரிக் கதவுக்கு அந்த வரியைத் தேடி அலைபவர்கள் இருக்கிறார்கள். கொல்லை மரத்திலும் அது அமையும், கணுவும் கோணலும் அதற்குக் குறையில்லை, ஆணி மட்டும் இல்லாதிருந்தால் சரி. அதனால் விவரம் தெரிந்தவர்கள் கவட்டைக்கு மேலும் கீழும் ஒரு முழம் விட்டு அறுத்து, வெடிப்பு விடாமலிருக்க வெட்டுமுனைகளில் மெழுகைப் பூசி, விறகடுக்குக்குப் பின்னால் நிழலில் போட்டுவைக்கிறார்கள். அடுத்த குளிர்காலத்தில் அடுக்கு முழுதும் சாம்பலாகிப் போன பிறகும், அந்த ஒன்றிரண்டு கட்டைகள் அங்கேயே வாங்க ஆள் வரும்வரை கிடக்கும்.